எலிசபெத் ஃப்ரை: நியூகேட் சிறையின் குவேக்கர் பெண் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எலிசபெத் ஃப்ரை யார்?

1780 மே 21 அன்று இங்கிலாந்தின் நாரிச் நகரில் பிறந்தவர். பிறந்த வீட்டுப் பெயர் கர்னி. அப்பா வீட்டிலும் அம்மா வீட்டிலும் வங்கித் தொழில், வசதியான குடும்பம். பன்னிரண்டு வயதில் தாய் இறந்துபோனார். இருபதாவது வயதில், 1800 ஆகஸ்டில், லண்டனில் தேயிலை வியாபாரமும் வங்கியும் நடத்திய ஜோசப் ஃப்ரையை மணந்தார். 1801-லிருந்து 1822-க்குள் பதினோரு பிள்ளைகள். லண்டன் நியூகேட் சிறையில் பெண் கைதிகளுக்காக அவர் 1817-ல் தொடங்கிய வேலை பிரிட்டனின் சிறைச் சட்டத்திலும் ஐரோப்பாவின் பல சிறைகளிலும் தடம் பதித்தது. 1845 அக்டோபர் 12 அன்று ராம்ஸ்கேட்டில் காலமானார்.

பல இடங்களில் அவரைச் "சிறைக்குப் போன தேவதை" என்று மட்டும் எழுதி முடித்துவிடுகிறார்கள். அவர் இரக்கமுள்ளவர்தான், சந்தேகமில்லை. ஆனால் இரக்கத்தோடு நியூகேட்டுக்குள் போய்வந்தவர்கள் வேறு பலரும் உண்டு. அவர் உள்ளே போய் என்ன ஏற்பாடு செய்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கீழே வரும் பதில்களில் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

குவேக்கர் என்றால் ஓட்ஸ் டப்பாவில் இருக்கும் தொப்பிக்காரரா?

படம் அவர்கள் உடையைப் பார்த்து வரைந்ததுதான். மற்றபடி தொடர்பு இல்லை. அந்த ஓட்ஸ் கம்பெனியைத் தொடங்கியவர்கள் குவேக்கர்கள் அல்ல. குவேக்கர் என்றால் நேர்மையானவர் என்று மக்களிடம் இருந்த பெயருக்காக 1877-ல் அமெரிக்காவில் அதை வணிகச் சின்னமாகப் பதிந்துகொண்டார்கள்.

குவேக்கர்கள் தங்களை "நண்பர்கள்" என்று அழைத்துக்கொள்பவர்கள். 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸைச் சுற்றி உருவான கிறிஸ்தவச் சபை இது. ஒவ்வொரு மனிதருக்குள்ளும் கடவுளின் ஒளி இருக்கிறது என்பது அடிப்படை நம்பிக்கை. அன்றைய அவர்கள் கூட்டத்தில் சம்பளப் பாதிரியார் கிடையாது, பாட்டு கிடையாது. எல்லாரும் மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். உள்ளிருந்து உந்துதல் வந்தவர் எழுந்து பேசுவார். அவர் பெண்ணாகவும் இருக்கலாம். மற்ற சபைகளில் பெண் வாய் திறக்க முடியாத காலத்திலேயே இவர்களிடம் பெண் போதகர்கள் இருந்தார்கள். எலிசபெத்துக்கும் 1811-ல் அந்த அங்கீகாரம் கிடைத்தது. முன்பின் அறியாத கூட்டத்தின் முன் நின்று, குரல் நடுங்காமல், எழுதி வைத்துக்கொள்ளாமல் பேசும் பழக்கம் அவருக்கு இப்படி வந்ததுதான். சிறைக்குள் அது மிகவும் உதவியது.

குவேக்கர் குடும்பத்தில்தானே பிறந்தார்? பிறகு "மனம் திரும்பினார்" என்கிறார்களே?

அன்றைய குவேக்கர்களில் இரண்டு விதம். ஒரு சாரார் "எளியவர்கள்": சாம்பல் அல்லது பழுப்பு உடை, ஆபரணம் இல்லை, ஆட்டம் பாட்டம் இல்லை. உயர்ந்தவர் தாழ்ந்தவர் பாராமல் எல்லாரையும் பழைய ஒருமையில்தான் அழைப்பார்கள். மறு சாரார் கூட்டத்துக்கு வருவார்கள், ஆனால் நடனத்துக்கும் நாடகத்துக்கும் போவார்கள். கர்னி வீட்டுப் பெண்கள் இந்த இரண்டாம் வகை.

1798 பிப்ரவரி 4 அன்று நாரிச்சின் கோட் லேன் கூட்டத்துக்கு எலிசபெத் போனபோது ஊதா நிற பூட்ஸ் அணிந்திருந்தார். அதில் சிவப்பு நாடா. அப்போது அவருக்குப் பதினேழு வயது. அன்று அமெரிக்கப் போதகர் வில்லியம் சேவரி பேசியதைக் கேட்டு அழுதபடி வீடு திரும்பினார். மறுநாளே உடையை மாற்றிவிடவில்லை. ஏறக்குறைய இரண்டு வருடம் யோசித்து, லண்டன் போய் நாடகம், நடனம் எல்லாம் பார்த்து, தனக்கு எது வேண்டாம் என்று தெரிந்துகொண்ட பிறகே வெள்ளைக் குல்லாவும் எளிய உடையும் ஏற்றார். வீட்டில் மற்றவர்களுக்கு இது பிடிக்கவில்லை.

நியூகேட்டுக்கு முதலில் போனது எப்போது? அங்கே என்ன பார்த்தார்?

1813-இன் குளிர்காலத்தில். ஸ்டீபன் கிரெலெட் என்ற குவேக்கர் போதகர் சிறையைப் பார்த்துவிட்டு நேராக எலிசபெத் வீட்டுக்கு வந்தார். பிறந்த குழந்தைகள் துணியில்லாமல் தரையில் கிடக்கின்றன என்று சொன்னார். எலிசபெத் உடனே தெரிந்த பெண்களைக் கூட்டி ஃபிளானல் துணியில் குழந்தைச் சட்டைகள் தைக்கவைத்து, அனா பக்ஸ்டன் என்ற தோழியுடன் அவற்றை எடுத்துப் போனார்.

இரண்டு வார்டு, இரண்டு சிறிய அறை. அவ்வளவுதான் பெண்கள் பகுதி. அதற்குள் பெண்களும் குழந்தைகளுமாக ஏறக்குறைய 300 பேர். விசாரணை முடியாதவர், தண்டனை பெற்றவர், தூக்குக்குக் காத்திருப்பவர் எல்லாரும் ஒன்றாக. படுக்கை இல்லை. சமைப்பது, துவைப்பது, தூங்குவது எல்லாம் அதே தரையில். காவலுக்கு ஒரு முதியவரும் அவர் மகனும். காசு இருந்தால் சிறைக்குள்ளேயே சாராயம் வாங்கலாம். இறந்துபோன குழந்தையின் உடலிலிருந்து துணியைக் கழற்றி உயிரோடிருக்கும் இன்னொரு குழந்தைக்குப் போட்டுவிட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்களை அவர் பார்த்தார்.

அப்படியிருக்க ஏன் 1816 வரை திரும்பிப் போகவில்லை?

வீடுதான் காரணம். அந்த ஆண்டுகளில் அவருக்கு மேலும் குழந்தைகள் பிறந்தன, வங்கியில் பணமுடை வந்தது, பிள்ளைகளில் சிலரை உறவினர் வீடுகளுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. 1815 நவம்பரில் பெட்ஸி என்ற மகள் ஐந்து வயது நிறையும் முன்பே இறந்தாள். வாழ்க்கை வரலாறுகள் இந்த இடைவெளியைத் தாண்டி ஓடிவிடுகின்றன. துணி கொடுத்துவிட்டு வந்த முதல் மூன்று வருகைகளால் சிறையில் எதுவும் மாறவில்லை என்பதை அவர் உணர்ந்தது இந்த இடைவெளியில்தான் என்று நினைக்கத் தோன்றுகிறது. ஏனென்றால் திரும்பி வந்தவர் கையில் துணி மூட்டை இல்லை. ஒரு கேள்வி இருந்தது.

1817-ல் அவர் செய்தது என்ன? படிப்படியாகச் சொல்லுங்கள்.

முதலில் குழந்தைகள். தாய்மார்களிடம் அவர்களுடைய குற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், "இந்தப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டாமா?" என்று கேட்டார். பள்ளிக்கூடம் வைக்கலாம் என்று முடிவானது. ஆசிரியரைக் கைதிகளே தங்களுக்குள் தேர்ந்தெடுத்தார்கள்: கடிகாரம் திருடியதாகத் தண்டனை பெற்றிருந்த மேரி கானர் என்ற படித்த இளம்பெண். காலியாகக் கிடந்த ஒரு சிற்றறையை அதிகாரிகள் ஒதுக்கிக் கொடுத்தார்கள்.

அறை கொள்ளவில்லை. வயதுவந்த பெண்களும் வாசலில் நெருக்கிக்கொண்டு நின்று, எங்களுக்கும் எழுத்து சொல்லிக்கொடுங்கள், தையல் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டார்கள். இரண்டாவது படி அங்கிருந்து பிறந்தது. 1817 ஏப்ரலில் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். பதினொருவர் குவேக்கர், ஒருவர் பாதிரியாரின் மனைவி. தினமும் யாராவது ஒருவர் சிறையில் இருப்பது என்று முறை வைத்துக்கொண்டார்கள்.

அதிகாரிகள் நம்பவில்லை. துணி கொடுத்தால் திருடிவிடுவார்கள், ஊசி கொடுத்தால் குத்திக்கொள்வார்கள் என்ற எண்ணம். எலிசபெத் வாதாடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நகர ஷெரீஃப்கள், சிறை அதிகாரி, சிறைப் பாதிரியார் எல்லாரையும் வரவழைத்து, அவர்கள் முன்னிலையிலேயே எழுபது பெண் கைதிகளிடம் கேட்டார்: விதிகள் வைத்தால் கட்டுப்படுவீர்களா? கட்டுப்படுகிறோம் என்றார்கள்.

அதன்பிறகு விதிகளைத் தயாரித்து, ஒவ்வொன்றாக வாசித்து, ஒவ்வொன்றுக்கும் கை தூக்கச் சொன்னார்கள். பிச்சை கேட்பது, வசவு, சீட்டாட்டம், சண்டை கூடாது. பன்னிரண்டு பேருக்கு மிகாத குழுக்கள். ஒவ்வொரு குழுவுக்கும் கைதிகளிலிருந்தே ஒரு தலைவி. பார்க்க ஆள் வந்தால் தகவல் சொல்ல, கைதிகளில் ஒருத்தி முற்றத்துப் பொறுப்பாளர். காலை ஒன்பது மணிக்கு மணி அடிக்கும், வேதாகமம் வாசிப்பார்கள், வேலை தொடங்கும். மாலை ஆறு மணிக்கு மறுபடி மணி, வாசிப்பு, வேலையைக் கணக்குப் பார்த்து ஒப்படைப்பது. எல்லாவற்றுக்கும் மேல் சம்பளத்துக்கு ஒரு பெண் மேற்பார்வையாளர் இரவும் பகலும் உள்ளேயே தங்குவார்.

கை தூக்கச் சொன்னது வெறும் சடங்காகத் தோன்றலாம். அப்படியில்லை. குவேக்கர் கூட்டங்களில் எண்ணிக்கை பார்த்துப் பெரும்பான்மை முடிவெடுக்கும் வழக்கம் கிடையாது. எல்லாருக்கும் சம்மதம் வரும்வரை பேசுவார்கள். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த ஒருவர், தூக்குக்கு நிற்கும் பெண்ணிடமும் "உனக்குச் சம்மதமா?" என்று கேட்காமல் விதி போட மாட்டார். கைதி தன் கையைத் தானே தூக்கி ஏற்ற விதியை மீறும்போது, மீறுவது யாரோ விதித்ததை அல்ல.

வேலைக்கான துணியும் கூலியும் எங்கிருந்து வந்தன?

நாடு கடத்தப்படும் கைதிகளுக்கான ஆயத்த உடைகளை ஃபென்சர்ச் தெருவின் ரிச்சர்ட் டிக்ஸன் கம்பெனி செய்து கொடுத்துவந்தது. எலிசபெத் நேரே அவர்களிடமே போனார். உங்கள் வியாபாரத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ள வந்திருக்கிறோம் என்று மறைக்காமல் சொன்னார். அவர்கள் தைக்கும் வேலையைக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள்.

1818 பிப்ரவரி 27 அன்று பாராளுமன்றக் கீழவையின் குழு முன் அவர் சொன்ன கணக்கு இது. அதுவரை தைத்து முடித்த உருப்படிகள் ஏறக்குறைய 20,000. காணாமல் போனவை மூன்று. அவையும் கைதிகளால் போனதாகத் தாங்கள் நினைக்கவில்லை என்றார். பின்னிய காலுறைகள் மாதம் 60 முதல் 100 ஜோடி. ஒருவருக்கு வாரம் சராசரி 18 பென்ஸ் கூலி. உடைச் செலவுக்காகக் கைதிகள் தங்கள் கூலியிலிருந்து மாதம் சுமார் 4 பவுண்டு போடுவார்கள். சங்கத்துப் பெண்கள் சுமார் 8 பவுண்டு போடுவார்கள்.

கூலி குறைவுதான் என்பதையும் அவரே அந்தக் குழுவிடம் ஒளிக்காமல் சொன்னார்; ஆயத்த உடை வேலைக்குக் கிடைப்பது அவ்வளவே. ஆனாலும் சும்மா கிடந்த கைக்கு வேலை, வேலைக்குக் காசு, அந்தக் காசில் ஒரு பங்கைத் தானே கொடுத்து உடுத்தும் துணி. பிச்சையாக வந்த ஃபிளானல் சட்டைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை அவர் தெரிந்தேதான் செய்தார். பலனைப் பார்த்த லண்டன் மாநகராட்சி இந்த விதிகளையே சிறை விதியாக ஏற்று, மேற்பார்வையாளர் சம்பளத்தில் ஒரு பகுதியையும் தர முன்வந்தது.

கைதிக் கப்பல்களில் அவருடைய வேலை என்ன?

ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்படும் பெண்களை அதுவரை விலங்கு பூட்டி, திறந்த வண்டியில், தெருவில் கூட்டம் கேலி செய்து கல்லும் சேறும் எறிய, துறைமுகத்துக்குக் கொண்டுபோவார்கள். அதற்கு முந்தின இரவு சிறையில் கலவரம் நடப்பது வாடிக்கை. கண்ணாடி, மேசை நாற்காலி எல்லாம் உடைபடும். 1818-ல் எலிசபெத் அதிகாரிகளிடம் பேசி, மூடிய வாடகைக் கோச்சு வண்டிகளை ஏற்பாடு செய்தார். தன் வண்டியில் தானும் பின்னாலேயே போனார். அந்த முறை கலவரமே நடக்கவில்லை.

டெப்ட்ஃபோர்டில் நின்ற "மரியா" கப்பலில் 128 பெண்கள். அங்கும் பன்னிரண்டு பேர் கொண்ட குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவி. மாதக்கணக்கான பயணத்தில் கைக்கு என்ன வேலை கொடுப்பது? லண்டன் துணிக் கடைகளில் வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் கேட்டு வாங்கினார்கள். அவற்றை ஒட்டித் தைத்துப் போர்வையாக்கி, வழியில் ரியோ டி ஜெனிரோவிலோ போய்ச் சேர்ந்த இடத்திலோ விற்றால், கரையிறங்கும்போது கையில் நாலு காசு இருக்கும்.

பின்னாளில் ஒவ்வொரு பெண்ணுக்கும் கொடுத்த பொருள்களின் பட்டியல் கிடைத்திருக்கிறது. துணிமணி வைக்க ஒரு பெரிய சாக்குப் பை, சாக்குத்துணி ஏப்ரன் ஒன்று, கறுப்பு ஏப்ரன் ஒன்று, ஒரு குல்லா, ஒரு வேதாகமம். சிறு பைக்குள் 100 ஊசி, ஒரு அவுன்ஸ் குண்டூசி, நாடா, வெள்ளை நூல்கண்டு நான்கு, கறுப்பு, நீலம், சிவப்பில் ஒவ்வொன்று, 24 சிட்டம் வண்ண நூல், கிழிசல் தைக்கும் பெரிய ஊசி எட்டு, விரலுறை, கத்தரிக்கோல், சீப்பு, இரண்டு பவுண்டு எடைக்கு ஒட்டுத்துணி. பார்வை மங்கியவருக்கு மூக்குக்கண்ணாடியும் உண்டு. பட்டியல் போட்டவர் நன்றாகத் தைக்கத் தெரிந்தவர் என்பது பார்த்தவுடனே தெரிகிறது.

இருபத்தைந்து ஆண்டுகளில் 106 கப்பல்கள், சுமார் 12,000 பெண்கள் என்று கணக்கிடுகிறார்கள்.

அவர் தோற்ற இடங்களும் உண்டா?

உண்டு. முதலாவது, தூக்குத் தண்டனை. அன்று 200-க்கு மேற்பட்ட குற்றங்களுக்கு மரண தண்டனை இருந்தது. கள்ள நோட்டு மாற்றுவதும் அதில் ஒன்று. 1818-ல் ஹாரியட் ஸ்கெல்டன் என்ற பெண்ணுக்காக எலிசபெத் எல்லாக் கதவுகளையும் தட்டினார். அரச குடும்பத்து க்ளாஸ்டர் பிரபுவை அழைத்துக்கொண்டு பேங்க் ஆஃப் இங்கிலாந்து வரை போனார். பலிக்கவில்லை, ஏப்ரல் 24 அன்று ஸ்கெல்டன் தூக்கிலிடப்பட்டார். இதில் உள்துறை அமைச்சர் சிட்மவுத் பிரபுவோடு மனக்கசப்பும் ஏற்பட்டு, அரசின் ஒத்துழைப்புக் கொஞ்ச காலம் குறைந்தது.

இரண்டாவது, 1823-இன் சிறைச் சட்டம். பெண் கைதிகளைப் பெண்களே காவல் காக்க வேண்டும், காவலர் கைதிகளிடம் கட்டணம் வாங்காமல் சம்பளம் பெற வேண்டும் என்றெல்லாம் அவர் கேட்டது சட்டமாகவே வந்தது. ஆனால் மாவட்டச் சிறைகளுக்கும் பெருநகரச் சிறைகள் சிலவற்றுக்கும் மட்டும். சிறு ஊர்ச் சிறைகளும் கடனாளிச் சிறைகளும் விடுபட்டன. போய்ப் பார்க்க அரசு ஆய்வாளரும் கிடையாது. ஆகவே பல இடங்களில் சட்டம் ஏட்டோடு நின்றது.

1835-ல் ஆய்வாளர்களை நியமித்தபோது மூன்றாவது சிக்கல் வந்தது. அவர்கள் தனிமைச் சிறையை ஆதரித்தவர்கள். பெண்கள் சங்கத்தின் வேதாகம வாசிப்பைப் பார்க்க வெளியார் கூட்டம் வருவதையும் குறை சொன்னார்கள். அந்தக் குறையில் நியாயம் இருந்தது. எலிசபெத் வாசிப்பதைக் கேட்கச் சீமாட்டிகளும் வெளிநாட்டவரும் வந்து உட்கார்ந்தது கைதிகளைக் காட்சிப் பொருளாக்கியது. ஆனால் தனிமைச் சிறை விஷயத்தில் அவர் பக்கம்தான் சரி. இரவில் தனித்தனியாகத் தூங்கட்டும், பகலில் மனிதரோடு மனிதராக வேலை செய்யட்டும். நாளை வெளியே போய் மனிதர்களோடுதானே வாழ வேண்டும் என்று அவர் வாதிட்டார். கேட்கப்படவில்லை.

சிறைக்குச் சேவை செய்யப் போகிறவர்களுக்கு அவர் சொன்ன யோசனைகள்?

1827-ல் இதற்கென்றே ஒரு சிறு கையேடு எழுதினார். தீர்ப்புச் சொல்லும் மனதோடு போகாதீர்கள், இரக்கத்தோடு போங்கள் என்பது முதல் யோசனை. நான் உன்னைவிட நல்லவள் என்ற எண்ணம் உள்ளே இருந்தால் கைதி உடனே கண்டுகொள்வாள். செய்த குற்றத்தைக் கிளறாதீர்கள். எல்லாரையும் ஒன்றாக அடைக்காமல் நடத்தையைப் பார்த்து வகுப்பு வகுப்பாகப் பிரியுங்கள். சம்பாதித்ததில் ஒரு பங்கு கைதிக்கே போகட்டும். கெட்டழிந்தவர் மனதில் மிஞ்சிய நன்மையை அணையப்போகும் நெருப்பின் கங்குக்கு ஒப்பிடுகிறார்: பக்குவமாக ஊதினால் பற்றிக்கொள்ளும், முரட்டுக் கை பட்டால் அணைந்துவிடும்.

பதினோரு பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள்?

வேலையாட்களும் சகோதரிகளும் நாத்தனார்களும். அன்றே இதற்காக அவரைக் குறை சொன்னவர்கள் உண்டு, குவேக்கர்களிலும் உண்டு. அவரே நாட்குறிப்பில் இதை நினைத்து வருந்தியிருக்கிறார். பிள்ளைகளில் பெரும்பாலோர் சபைக்கு வெளியே மணம் செய்து குவேக்கர் வழியை விட்டு விலகினார்கள். அது அவருக்கு ஆறாத வருத்தம். இதே வேலையைச் செய்த ஓர் ஆணிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கணவரின் வங்கி திவாலானது அவரைப் பாதித்ததா?

மிகவும். 1828 நவம்பரில் வங்கி முறிந்தது. கடனைத் திருப்பித் தர முடியாதவரைச் சபையிலிருந்து நீக்குவது குவேக்கர் ஒழுங்கு, ஜோசப்பும் நீக்கப்பட்டார். சிறைப் பணிக்கு வந்த நன்கொடைப் பணம் வங்கிக்குப் போயிருக்குமோ என்றுகூட ஊர் பேசியது. பிளாஷெட் பெரிய வீட்டை விட்டு அப்டன் லேனில் சிறிய வீட்டுக்குக் குடிபோனார்கள். பிறந்த வீட்டுச் சகோதரர்கள் செலவுக்குக் கொடுத்தார்கள். கணவர் நீக்கப்பட்ட அதே கூட்டத்தில் மனைவி போதகராக எழுந்து பேச வேண்டும். அவர் தொடர்ந்து போனார். 1842-ல் பிரஷ்யாவின் அரசர் நியூகேட்டுக்கு வந்து அவரோடு இருந்து பார்த்துவிட்டு, சாப்பிட வந்தது அந்தச் சிறிய வீட்டுக்குத்தான்.

சிறை தவிர வேறு என்ன செய்தார்?

1819–20 குளிர்காலத்தில் வீடற்றோருக்கு லண்டனில் இரவுத் தங்குமிடம். 1824-ல் பிரைட்டனில், ஏழை வீடுகளுக்குப் போய்ச் சேமிப்பையும் சுகாதாரத்தையும் கவனிக்கும் சங்கம். கடலோரக் காவல் நிலையங்கள் சுமார் 500-க்கு நூலகப் பெட்டிகள். 1840-ல், வீடு தேடிப் போய் நோயாளிகளைப் பார்க்கும் செவிலியருக்கு ஒரு பயிற்சி நிலையம். அவர்கள் லண்டன் கைஸ் மருத்துவமனையில் பயிற்சி பெற்றார்கள்.

பிரிட்டிஷ் நோட்டில் அவர் படம் இருந்ததாமே?

ஆமாம். 2002 முதல் 2017 வரை 5 பவுண்டு நோட்டின் பின்புறத்தில், நியூகேட் கைதிகளுக்கு அவர் வாசிக்கும் காட்சி. ஹாரியட் ஸ்கெல்டனுக்காக அவர் ஏறி இறங்கிய அதே பேங்க் ஆஃப் இங்கிலாந்து வெளியிட்ட நோட்டு.

இன்று நேரில் பார்க்க என்ன மிச்சம்?

நியூகேட் இல்லை, 1902-ல் இடிக்கத் தொடங்கினார்கள், அந்த இடத்தில் இப்போது ஓல்டு பெய்லி நீதிமன்றம் நிற்கிறது. எலிசபெத் பார்க்கிங் ஊரின் குவேக்கர் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

ஆனால் ஒரு போர்வை இருக்கிறது. 1841 ஏப்ரலில் "ராஜா" என்ற கப்பல் 180 பெண் கைதிகளோடு வூல்விச்சிலிருந்து கிளம்பி ஜூலையில் ஹோபர்ட் போய்ச் சேர்ந்தது. அந்த மூன்றரை மாதத்தில் அவர்கள் தைத்தது அது: 2,815 துண்டுகள், பக்கத்துக்கு மூன்று மீட்டருக்கு மேல். விற்காமல், கைதிக் கப்பல்களைக் கவனித்துவந்த குழுவின் பெண்களுக்கு நன்றியாக அனுப்பிவைத்தார்கள்; நன்றி வாசகத்தை ஓரத்தில் நூலால் எழுதியிருக்கிறார்கள். எங்கோ மறைந்து கிடந்து 1987-ல் எடின்பரோவில் கண்டெடுக்கப்பட்டு, இப்போது கான்பெராவில் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. கிட்டத்தில் பார்த்தால் ஓரிடத்தில் தையல் வரிசை தவறாமல் ஓடும், பக்கத்துத் துண்டில் தடுமாறும். சில துண்டுகளில், ஊசி விரலில் ஏறிய இடத்தில், சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள்.